வேலிக்குக் கீழால் போன ஆறு

பத்து வயது வரைக்கும் ஆறு என்றால் எனக்குப் பாலத்துக்குக் கீழே கிடப்பது. பக்கத்து நகரான விட்பியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிறபோது நெடுஞ்சாலை ரூஜ் ஆற்றைக் கடக்கும். அப்பா வேகத்தைக் குறைக்கமாட்டார். கார்க் கண்ணாடிக்கு வெளியே ஒரு கணம் மரங்கள் விலகும், பழுப்பாக ஏதோ மினுங்கும், பிறகு மரங்கள் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். தண்ணீர் என்பது குழாயில் வருவது, ஆறு என்பது காரில் போகும்போது பார்ப்பது. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கலாம் என்று நான் யோசித்ததே இல்லை.

ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பனி உருகி முடிந்த கையோடு, டீச்சர் எங்களை அந்த ஆற்றங்கரைக்கே கூட்டிக்கொண்டு போனார். உயரமான பெண். மழைச் சப்பாத்தோடு சேற்றுக்குள் இறங்கி நடப்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஆறு கரையைத் தாண்டிப் பரவி, மறுபடி தன் இடத்துக்குத் திரும்பிப் போயிருந்தது. பழைய புல்லின் மேல் மெல்லிய வண்டல், பாலாடை போலப் படிந்து கிடந்தது. எல்லோரையும் குந்தச் சொல்லி, அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். கோதுமை மாவைவிட மிருதுவாக இருந்தது. விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

உலகத்தின் முதல் நகரங்கள் இதிலிருந்துதான் வந்தன என்றார் டீச்சர்.

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. நகரம் என்றால் எனக்கு உயரமான கட்டடம். நகர நடுவே சென் ஜேம்ஸ் ரவுணில் பெரியப்பா குடியிருந்த அடுக்குமாடியில் நின்று பார்த்தால் தெரிவது. அது எப்படிச் சேற்றில் இருந்து வரும்? மறுநாள் வகுப்பில் அவர் விளக்கைக் குறைத்து, சுவரில் ஒரு படம் காட்டினார். மஞ்சள் நிறத்தில் வெறும் தரை. அங்கே மழை அனேகமாகப் பெய்வதே இல்லை என்றார். ஆனால் மிகத் தொலைவில் மலைகள் இருந்தன. மலைகளில் பனி விழுந்தது. அந்தப் பனி உருகி, இரண்டு ஆறுகளாகி, மழையையே அறியாத அந்தத் தரையைத் தேடி வந்தது. வரும்போது மலையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுவந்தது. மனிதர்கள் ஆற்றின் கரையை வெட்டி, தண்ணீருக்கு வழி காட்டினார்கள். தண்ணீர் போன இடமெல்லாம் பார்லியும் கோதுமையும் விளைந்தன. சாப்பிட்டது போக மிஞ்சியது. மிஞ்சிய தானியத்தைச் சாப்பிட்டு, வயலில் இறங்காத சிலர் பானை செய்தார்கள், செங்கல் சுட்டார்கள், கோயில் கட்டினார்கள். யாருக்கு எவ்வளவு தானியம் என்பதை மறக்காமல் இருக்க ஒருவர் ஈரக் களிமண்ணில் கீறி வைத்தார். எழுத்து அப்படித்தான் தொடங்கியது.

நான் என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தேன். எங்கேயோ விழுந்த பனி இந்தப் பென்சில் வரைக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தபோது பின்கழுத்தில் குளிர்ந்தது. பயத்தில் வரும் குளிர் அல்ல அது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி.

பிறகு இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வொரு சோடிக்கும் ஓர் ஆறு கொடுத்தார். முதல் விவசாயிகள் அந்த ஆற்றை வைத்து எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டவேண்டும். எனக்கு அந்த இரட்டை ஆறுகள் கிடைத்தன. கூடவே மதுஷாவும் கிடைத்தாள். அங்கேதான் சிக்கல்.

மதுஷாவின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால். அந்த ஆற்றின் பெயரையே கொண்ட ரூஜ் பகுதியில் அப்போதுதான் கட்டி முடித்த புது வீடுகள். இரண்டு வீட்டுப் பின்வளவுக்கும் நடுவில் ஒரு பலகை வேலி மட்டும்தான். எங்கள் வளவு கொஞ்சம் மேடு, அவர்களுடையது பள்ளம். குடிவந்த முதல் வருடமே எங்கள் பக்கத்துப் பனி உருகி, வேலிக்குக் கீழால் இறங்கி, அவர்களுடைய பேஸ்மென்ற் ஜன்னலுக்குள்ளால் போய்விட்டது. கார்ப்பெட் எல்லாம் நாசம். மதுஷாவின் அப்பா எங்கள் வாசலுக்கு வந்து பேசினார். என்னுடைய அப்பா, சரிவு வைத்தது வீடு கட்டினவர்கள், அவர்களிடம் போய்க் கேளுங்கோ என்றார். இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வீடும் பேச்சில்லை. தமிழ்க்கடையில் மரவள்ளிக்கிழங்குக் குவியலின் இரு பக்கமும் நின்றுகூட, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் கிழங்கு பொறுக்க அவர்களால் முடிந்தது. அவர்கள் மட்டக்களப்புப் பக்கம், நாங்கள் யாழ்ப்பாணம், அந்த ஊர்ப் பிணக்கு எங்களைவிட வயது கூடியது. ஆகவே கோபத்துக்குக் காரணம் தேடுகிறபோது கார்ப்பெட்டோடு நிற்கவேண்டிய தேவை பெரியவர்களுக்கு இருக்கவில்லை.

மதுஷாவும் நானும் பள்ளிக்கூடத்தில் பேசுவோம். வீட்டில் சொல்வதில்லை.

நான் அட்டை வாங்கிப் படம் கீறலாம் என்றேன். அவள் தலையாட்டவில்லை.

"போஸ்ரர்ல தண்ணி ஓடாதே. எவ்ரிபடி போஸ்ரர்தான் செய்யப் போறாங்க. வீ நீட் ரியல் வோற்றர்" என்றாள்.

"ரியல் வோற்றருக்கு எங்க போறது?"

"உங்கட வீட்டுக் கூரையில இருந்து வருதுதானே."

அவள் சொன்னது எங்கள் வீட்டுப் பின்சுவரில் இறங்கும் பீலிக் குழாயை. கூரையில் விழுகிற மழையெல்லாம் அதன் வழியாகத்தான் புல்லில் கொட்டும். அதன் வாயிலிருந்து வாய்க்கால் வெட்டி, என் அம்மாவின் மிளகாய்ப் பாத்தி, கத்தரிப் பாத்தி எல்லாவற்றுக்கும் பாய்ச்சி, வேலிக்குக் கீழால் கொண்டுபோய், அவளுடைய அம்மாவின் வெண்டிக்கும் பயற்றைக்கும் விட்டு, கடைசியில் அவர்கள் வளவு மூலையில் இருக்கும் வடிகாலில் விழுத்தவேண்டும். மேலே மலை, கீழே கடல், நடுவில் நாகரிகம். அதைப் படம் எடுத்து டீச்சருக்குக் காட்டவேண்டும்.

வீட்டில் அனுமதி வாங்குவது சுலபமாக இருந்தது. பள்ளிக்கூட வேலை என்ற சொல்லுக்கு எதிராகத் தமிழ் வீடுகளில் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. "பள்ளிக்கூட வேலையெண்டால் செய்யத்தானே வேணும். என்ர மிளகாய்க்கண்டில மட்டும் கை வச்சிடாதை" என்றார் அம்மா. வாய்க்கால் எங்கே போய் முடியும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவளுடைய அப்பா, "ஜன்னல் பக்கம் தண்ணி வரப்படா மகள்" என்று மட்டும் சொன்னாராம். அது எங்கே தொடங்குகிறது என்று அவரும் கேட்கவில்லை.

புல்லை உரித்ததும் கீழே மஞ்சள் களிமண். கல் மாதிரி. வீடு கட்டினவர்கள் விட்டுப்போன ஆணி, செங்கல் துண்டு, கோப்பிக் கோப்பை மூடி எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் பழைய நகரத்தின் சிதைவு என்று எடுத்து வைத்தோம். நான் மேலிருந்து வெட்டிக்கொண்டு போனேன், அவள் கீழிருந்து வெட்டிக்கொண்டு வந்தாள். வேலிப் பலகைக்கும் தரைக்கும் நடுவில் முயல் நுழையக்கூடிய இடைவெளி இருந்தது. அதில் முகத்தை வைத்துப் பேசினோம். எனக்கு அவளுடைய வாய் மட்டும் தெரியும்.

முதல் தடவை தோட்டத்துக் குழாயைத் திறந்து ஹோஸால் தண்ணீர் விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் கொஞ்ச தூரம் போனது, நின்றது, காணாமல் போனது. தரை குடித்துவிட்டது. இன்னும் விட்டேன். குடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்திருந்தவள், "இன்னும் வரல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஈரக் களியை எடுத்து வாய்க்காலின் அடியில் மெழுகினோம். பிறகு தண்ணீர் நகர்ந்தது. ஆனால் கத்தரிக்குப் பக்கத்தில் நின்று, யோசித்து, என்னை நோக்கித் திரும்பி வந்தது. தட்டையாகத் தெரிந்த எங்கள் வளவு தட்டை இல்லை என்று தண்ணீர்தான் எனக்குச் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு மேடும் அதற்குத் தெரிந்திருந்தது. நாங்கள் வெட்டினோம், அது பிழை சொன்னது, மறுபடி வெட்டினோம்.

பாடசாலை விட்டு வந்த ஒரு பின்னேரம் அது போனது. முன்னால் நுரையும் காய்ந்த இலையும் தள்ளிக்கொண்டு, நாக்கு நீட்டுவதுபோல மெதுவாக. கத்தரியைத் தாண்டியது. வேலியை அடைந்தது. பலகைக்குக் கீழே இருட்டுக்குள் நுழைந்தது. நான் வேலியடியில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. வரவில்லையாக்கும் என்று நினைத்தேன். அப்போது இடைவெளிக்குள்ளால் அவளுடைய விரல் ஒன்று வந்தது. நனைந்திருந்தது.

என் விரலால் அதைத் தொட்டேன். மலையிலிருந்து வந்த தண்ணீர் தங்கள் காலடியைத் தொட்டபோது அந்த முதல் மனிதர்களும் இப்படித்தான் விரலால் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

அடுத்த நாளே சண்டை வந்தது. மேலே இருந்த என் பாத்திகள் எல்லாம் நிரம்பி வழிய, அவளுக்குப் போனது நூல் மாதிரி. "நீ மேல இருக்கிறதால எல்லாம் உனக்கா? திஸ் இஸ் நொட் ஃபெயர்" என்றாள். நான், ஆறு என்றால் அப்படித்தான் என்றேன். அவள் எழும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். ஆள் இல்லாத வேலியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். தண்ணீர் ஓடியது, ஆனால் அதைப் பார்ப்பதில் சந்தோசம் இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொன்னபோது அவர் உரத்துச் சிரித்தார். இந்தச் சண்டைக்கு ஆயிரக்கணக்கான வருடம் வயது என்றார். மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் அடிபட்டுச் சண்டை பிடித்ததால்தான் சட்டமும் மதகும் காவலும் வந்தன என்றார்.

ஐஸ்கிறீம் பெட்டி மூடிகளை வெட்டி மதகு செய்தோம். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குச்சி. தண்ணீர் குச்சியின் கோட்டைத் தொட்டதும் மதகை மூடி அடுத்ததற்கு விடவேண்டும். மேலே இருக்கிற நான் மூடுகிறேனா என்று பார்க்க அவள் வேலி இடுக்கில் கண்ணை வைத்திருப்பாள்.

வேலை முடிந்தது. வாய்க்காலில் மழைத்தண்ணீரே ஓடுவதைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். மழைக்குக் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது வந்தது.

வானம் தெற்கே பெரிய ஏரி இருக்கும் பக்கத்திலிருந்து கறுத்து, காற்று விழுந்து, பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. நான் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பீலிக் குழாய் உறுமியது. கூரை முழுவதும் விழுந்த தண்ணீர், கலங்கலாக, நான் அதுவரை கண்டிராத பலத்தோடு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. மதகுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பிய்ந்து மிதந்து போயின. ஹோஸில் வந்தது விளையாட்டு, இதுதான் ஆறு. எனக்குப் பயமும் ஆனந்தமும் ஒன்றாக வந்து, படம் எடுக்கவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

"மேக் இற் ஸ்ரொப்!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மதுஷா கத்தினாள். "அங்க உடைஞ்சிட்டு! வீட்டுப் பக்கம் போகுது!"

இடுக்கால் பார்த்தேன். அவர்களுடைய பக்கத்து வாய்க்கால் வரம்பு உடைந்து, தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் அந்தப் பேஸ்மென்ற் ஜன்னலை நோக்கித் திரும்பியிருந்தது. வெளிச்சம் இறங்குவதற்காக ஜன்னலுக்கு முன்னால் விட்டிருந்த குழி நிரம்பத் தொடங்கியிருந்தது. அவளுடைய அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

அந்த நேரம் எனக்குப் பின்னால் சமையலறைக் கதவு அடித்த சத்தம் கேட்டது. அப்பா. சப்பாத்துக்கூடப் போடாமல், வெறும் கால்மேசோடு மழைக்குள் நின்றார். கணக்காளர் வேலை செய்கிறவர். புல் வெட்டும்போதுகூடக் கையுறை போடுகிறவர். அவர் பீலியைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். திறந்தபோது அவர் முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் ஒரு புல்கட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அதை வாய்க்காலின் நடுவில் வைத்து, குதிகாலால் மிதித்து இறுக்கி, பக்கத்தில் ஒரு வாயைத் திறந்தார். தண்ணீர் தயங்காமல் மிளகாய்ப் பக்கம் திரும்பியது. யாரோ தொழில் படித்த ஆள் வந்து அவருடைய உடம்புக்குள் நின்றதுபோல இருந்தது.

"மற்றதையும் மாறவேணும்" என்று, அடுத்த பாத்திக்கும் வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டே தனக்குள் சொன்னார். பிறகு வேலியைப் பார்த்து, உரத்து: "அங்கால கீழ்வாயைக் கட்டுங்கோ. நான் மேலால மாறி விடுறன்."

வேலிக்கு அப்பால் மண்வெட்டிச் சத்தம் நின்றது. பிறகு அந்தப் பக்கமிருந்து, "கட்டுறன் அண்ணன். உங்கட பக்கம் கொஞ்சம் பிடிங்க, பலமா வருது" என்று கேட்டது.

அப்பா கையால் தோண்டுவதை மதுஷாவின் அப்பா இடுக்கால் கண்டிருக்கவேண்டும். தன் பக்கத்தைக் கட்டி முடித்ததும், வேலிக்கு மேலால் மண்வெட்டி வந்தது. பிடி முன்னால், இரும்பு பின்னால். அப்பா அதை வாங்கினார். வேலியடியில் மண் வைக்க எட்டாதபோது, ஒரு பலகையைப் பிடித்து இழுத்துக் கழற்றிப் புல்லில் எறிந்தார். அந்த இடைவெளியில் இரண்டு பேரும் எதிரெதிராகக் குந்தி, ஒருவர் வைத்த மண்ணை மற்றவர் மிதித்து, ஒரே வரம்பைக் கட்டினார்கள். "இங்க", "கொஞ்சம் பொறுங்கோ", "விடுங்க", அவ்வளவுதான். ஜன்னல் குழியில் தண்ணீர் கண்ணாடியின் விளிம்பு வரைக்கும் ஏறியது. நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. வாய்க்கால் முழுவதும் மூலையைப் பார்த்துத் திரும்பி, வடிகாலுக்குள் பெரிய சத்தத்தோடு விழுந்தது.

மதுஷாவும் நானும் அந்தப் பலகை போன இடைவெளியின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். எங்களுக்குச் சொந்தமானவர்கள் என்று நினைத்திருந்த இரண்டு ஆட்களையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது.

மழை தூறலாகியது. அப்பாக்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.

"யாழ்ப்பாணத்தில ஆறு இல்லையே அண்ணன். எங்க பழகினீங்க?" என்றார் மதுஷாவின் அப்பா. அங்கிள் என்றுதான் நான் அவரைச் சொல்வேன்.

"ஆறில்லை. கிணத்துத் தண்ணிதான். பள்ளிக்கூடம் போக முதல் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிப்போட்டுத்தான் போவன்."

"எங்களுக்கு ஆத்துத் தண்ணி. மேல் வயல்காரன் விட்டாத்தான் கீழ வரும்."

அப்பா மண்வெட்டியில் ஒட்டியிருந்த களியை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்டைக்கு நீங்கள் வீட்டை வந்து கதைக்கேக்கை…" என்று தொடங்கினார்.

"அது பனித் தண்ணி அண்ணன். அதுக்கு ஆர் வரம்பு கட்டுற?" என்றார் அங்கிள்.

அம்மா துவாயோடு வந்து, உந்தக் கோலத்தோடு வீட்டுக்குள்ளே வரவேண்டாம் என்று சொல்லும் வரைக்கும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

மழைத் தண்ணீர் ஓடியதற்கு எங்களிடம் படம் இல்லை. மதகு பிய்ந்த வாய்க்காலையும், மிதிபட்ட வரம்பையும், பாத்திகளின் மேல் படிந்திருந்த மஞ்சள் வண்டலையும் மறுநாள் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, நடந்ததைச் சொன்னோம். வெள்ளம் வந்தபோது வாய்க்காலை யார் காப்பாற்றினார்கள் என்று டீச்சர் கேட்டார். நான் ஊரவர் எல்லோரும் சேர்ந்து என்று பாடத்தில் இருந்தபடி சொன்னேன். மதுஷா, "எங்கட டாட்ஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அது சரியான விடை என்றார்.

அந்தக் கோடையில் இரண்டு வளவிலும் காய்த்த காய்க்கு அளவில்லை. வாய்க்காலை அப்பாவும் அங்கிளும் இன்னும் ஆழமாக வெட்டி, அடியில் சிறு கற்கள் பரப்பினார்கள். சனிக்கிழமைகளில் அதில் சேர்ந்த மண்ணை அள்ளுவதாகச் சொல்லிக்கொண்டு மண்வெட்டியோடு அந்த வேலி இடைவெளிக்குப் போவார்கள். தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் வரமாட்டார்கள்.

எனக்குப் பிடிபடாத விசயம் ஒன்று இருந்தது. அப்பா எதையும் உடைந்தபடி விடுகிற ஆள் இல்லை. கதவுப் பிடி ஆடினால் அன்றைக்கே திருப்புளியோடு நிற்பார். ஆனால் வேலியிலிருந்து அவர் கழற்றி எறிந்த பலகை கராஜ் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. கோடை முடிந்து, இலை உதிர்ந்து, முதல் பனியும் விழுந்துவிட்டது. ஒருநாள் நானே ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய், "அப்பா, வேலிப் பலகையை அடிக்க மறந்து போனீங்கள்" என்றேன்.

அவர் சுத்தியலை என்னிடமிருந்து வாங்கி, இருந்த இடத்தில் திரும்ப வைத்தார்.

"கிடக்கட்டும்" என்றார்.

அப்பாவுக்கு வயது போகத் தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவருக்காகக் கொஞ்சம் கவலைப்பட்டேன்கூட.